ரஹீம் தம்பியோடு போன பாஸ்வேர்டு

மோட்டார் ஓடும் நேரத்தை மாற்றச் சொல்ல ரஹீம் தம்பிக்குப் போன் போட்டேன். எடுத்தது அவர் மனைவி. "அவரு மவுத்தாயிட்டாரும்மா. நேத்து அடக்கம் பண்ணியாச்சு," என்றார். கேட்க வந்ததைக் கேட்காமலே வைத்துவிட்டேன்.

லால்பேட்டை ரஹீமைப் புவனகிரியில் பல வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். விளக்கு, மோட்டார், கேட் எல்லாவற்றையும் போனிலிருந்தே இயக்க வழி செய்து தருபவர். துபாயிலிருக்கும் என் மகன் சொல்லி எங்கள் வீட்டுக்கும் அவர்தான் செய்தார். போட்டு நிறுத்த எனக்கு ஒரு பாஸ்வேர்டு. நேரத்தையும் அளவையும் மாற்ற இன்னொன்று, அது அவரிடம்.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஐந்தாவது வரைதான் படித்தேன், ஆனால் இந்த வீட்டை நடத்தியவள் நான். மார்கழியில் நாலரைக்கே கோலம் போட வாசல் விளக்கு எரிய வேண்டும்; அதற்கும் அவர்தான் வர வேண்டும்.

"எங்க வாசலுக்கு ஒங்ககிட்ட பர்மிஷன் கேக்கணுமா தம்பி?"

"நான்தாம்மா ஒங்கள கேக்கணும்," என்று சிரித்துவிட்டுத் தன் பாஸ்வேர்டைப் போட்டு, எல்லாவற்றையும் நானே மாற்றிக்கொள்ளும்படி திறந்துகொடுத்தார்.

விளக்கோடு நான் நிற்கவில்லை. தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டார் தானாக நிற்க ஓர் ஏற்பாடு இருந்தது. தொட்டி நிறையுமுன் நின்று நின்று போகிறதே என்று அதை எடுத்துவிட்டேன். சித்திரையில் போர் வற்றிய ஒரு மதியம் மோட்டார் வெறுமனே ஓடிப் புகைந்தது.

ரஹீம் வந்து பார்த்தார். "மோட்டாரு மேல அப்பிடி என்னம்மா கோவம்?" என்றார், அவ்வளவுதான். விளக்கு நேரமெல்லாம் எனக்கென்று தனிப் பக்கமாகப் பிரித்தார். மோட்டாரை மட்டும் தன் பக்கம் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது ஒரு காகிதத்தில் தன் பாஸ்வேர்டை எழுதி நீட்டினார். "வூடு ஒங்களுது. நான் இல்லாத நாளும் வரும். பத்திரமா வைங்க."

எரித்தவள் என்ற வெட்கம் எனக்கு. "எனக்கெதுக்கு? நீங்களே வெச்சிக்குங்க," என்றேன். மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது கடலூரிலிருந்து வேறொருவர் வந்து பார்த்தார். "அந்த பாஸ்வேர்டு இல்லன்னா எல்லாத்தயும் அழிச்சிட்டுதான் பாட்டி ஆரம்பிக்கணும்." எனக்காகப் பிரித்துவைத்த பக்கமும் போகும். புதிதாகப் போடும் இரண்டாவது பாஸ்வேர்டு எனக்கும் வேண்டும் என்றேன். "யூசருக்கெல்லாம் அத குடுக்கறதில்ல." மகனைக் கூப்பிட்டேன். "அவுங்ககிட்டயே இருக்கட்டும்மா. நீ ஒரு தடவ எரிச்சது போதாதா?" என்றான். வெள்ளிக்கிழமை அழிக்க வருகிறார்கள்.

ரஹீம் தம்பியிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான்: மோட்டாரை எரித்த பிறகும் என்னை நம்பி நீண்ட அந்தக் கை. வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்பியவள் நான்.