கருவாட்டுக்காரி கேட்ட கேள்வி

தலைக் கூடையை இறக்காமலே அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறார் பாஞ்சாலை. "நெத்திலி, சென்னாக்குனி" என்று கூவ வேண்டிய வாய், "கல்பனா, இன்னாடி, பொகையே காணோம்? அடுப்பு பத்த வெக்கலயா?" என்கிறது. "காஸ் அடுப்புக்கா, பொகை எங்கேர்ந்து வரும்?" என்று உள்ளேயிருந்து எரிச்சலாகப் பதில் வருகிறது. அதற்குள் பாஞ்சாலை பக்கத்து வாசலில் நிற்கிறார்.

மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுச் சிற்றூர்களில் கருவாடு விற்பவர் அவர். ஷேர் ஜீப்பில் திருப்பத்தூருக்கு இறங்கிச் சரக்கெடுத்து வருவார். மலைமேல் எல்லாம் நடைதான். டீயை நின்றபடியே குடிப்பார், அதுவும் பாதி. அவரைப் பற்றி எழுத உடன் நடந்த என் கேள்விக்குச் சொல்லிவந்த பதில் நடுவில் அறுந்துபோகும். கண், தூரத்தில் சாத்தியிருக்கும் ஏதோ ஒரு கதவில் இருக்கும். "அந்த வூடு இன்னா இந்நேரத்துக்கு சாத்தியே கீது?" யாவாரத்துக்கு வருகிறாளா, வேவு பார்க்க வருகிறாளா என்று சிலர் முணுமுணுப்பது அவருக்கும் தெரியும்.

அவர் கணவர் கோவிந்தன் சில வருடங்களுக்கு முன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டவில்லை என்று அன்று காலையில்தான் பாஞ்சாலை கத்தியிருந்தார். ஊருக்கு அது போதும். "பொண்டாட்டி வாய்க்கு பயந்து பூட்டான்" என்றார்கள். பாஞ்சாலையும் அதையே நம்பினார். வெகுநாள் நம்பினார்.

தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், மலைக்கு வந்த மருத்துவ முகாமுக்கு ஒருநாள் மாத்திரை கேட்கப் போனார். அங்கிருந்த மனநல மருத்துவர், ஒரு பெண், சண்டையைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்கு முந்தைய மாதங்களில் கோவிந்தன் எப்படி இருந்தார் என்று கேட்டார்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சாமை அறுப்புக்குப் போகாமல் குந்தியே இருந்தார். விடியுமுன்பே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். ஆசையாகத் தின்கிற குழம்பைத் தொடாமல் தட்டைத் தள்ளினார். "நான் இருந்து உங்களுக்கு பாரந்தான்" என்றும் சொன்னார். "சோம்பேறித்தனம்னு நெனச்சேன் சார். மாமியாரு காத்து கருப்புன்னு மந்திரிச்சாங்க. நோவுன்னு ஒருத்தருக்கும் தோணல."

"அதுக்கு மனச்சோர்வுன்னு பேரு. அதுவும் ஒரு நோய்தாம்மா" என்றாராம் மருத்துவர். "எல்லாரையும் சாவு வரைக்கும் இழுக்காது. ஆனா சிலருக்கு முத்திப்போனா, நீ செத்தாதான் எல்லாருக்கும் நல்லதுன்னு உள்ள உக்காந்து அந்த நோயே பேசும். வைத்தியம் பாத்தா அந்தப் பேச்சு அடங்கும். ஒருநாள் சண்டை மேல பழியப் போடாதீங்க."

"பழி இறங்கியதா?" என்று கேட்டேன்.

"பாதி எறங்கிச்சு. மீதி காலுக்கு வந்துடிச்சு போல. ஒரு எடத்துல நிக்க முடியல" என்றார், நடந்துகொண்டே.

போன மழைக்காலத்தில், கரட்டின் மேலிருக்கும் மங்கம்மாள் வீட்டுக்கு அந்தக் கால்கள் போயின. மருமகள் தேவயானிக்கு அப்போது கைக்குழந்தை. அவள் கணவன் சதீஸ்குமார் குடகில் காப்பித் தோட்ட வேலையில் இருந்தான். கருவாட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வம்பிழுக்கிற தேவயானி, அன்று முகம் பார்க்காமல், "இன்னாவோ ஒண்ணு குடு" என்றாள். குழந்தை வீறிட்டது. அவள் திரும்பக்கூட இல்லை.

பாஞ்சாலை கூடையை இறக்கினார். கிட்டே போய்க் குந்தினார். நேராகவே கேட்டார்.

"தேவயானி, செத்துப் பூடலாம்னு தோணுதாடி?"

மங்கம்மாள் பாய்ந்து வந்தார். "இன்னா பேச்சு பேசற பாஞ்சால? இல்லாத நெனப்ப நீயே கெளப்பி வுடுறியா? போ வெளிய!"

"நான் கெளப்பல அத்த. இருந்தா வெளிய வரட்டும்னு கேக்கறேன். எங்கூட்டுல கேக்கத் தெரியாமதான் போச்சு."

தேவயானி சுவரையே பார்த்தாள். பிறகு, "தெனமும் தோணுதுக்கா" என்றாள். சொன்னதும் உடம்பு குலுங்க அழுதாள். மங்கம்மாள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவளருகே வந்து உட்கார்ந்தார்.

அன்று பாஞ்சாலை வேறெங்கும் போகவில்லை. தேவயானியைத் தனியே விடவும் இல்லை. ஜீப்புக்குச் சொல்லியனுப்பி, குழந்தையோடு மங்கம்மாளையும் ஏற்றிக்கொண்டு, கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியிலிருந்தே சதீஸ்குமாருக்குப் போன் போட்டார். அவன் ஊர் வந்து சேர்ந்தான். மாத்திரை தொடங்கியது, பேசிப் பேசிச் செய்கிற வைத்தியமும் தொடங்கியது. உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. மாத்திரையே வேண்டாமென்று தேவயானி அழுத நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் பாஞ்சாலை அவளோடே இருந்துவிட்டதால் கருவாடு பாதி விலைபோகாமல் கிடந்தது.

அவரோடு நான் அந்த வீட்டுக்குப் போனபோது தேவயானி வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"போன வாரம் குடுத்த நெத்திலி ஒரே மண்ணுக்கா. இன்னிக்கு சும்மா ரெண்டு கை அள்ளிப் போடு."

"கழுவத் தெரியாதவளுக்கு எல்லாம் மண்ணுதான்."

தேவயானி சிரித்தாள். குழந்தை கூடைக்குள் கைவிட்டு ஒரு மீனை வாய்க்குக் கொண்டுபோனது. மங்கம்மாள் பிடுங்கினார். பாஞ்சாலையும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். முகத்தை அவர் வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

சரிவில் இறங்கினோம். "இப்போ நல்லா இருக்காங்க இல்லையா?" என்றேன்.

"இன்னிக்கு நல்லா கீறா சார்."

ஓடையைத் தாண்டுமிடத்தில் நின்றார். ஒரு காலைத் தண்ணீரில் வைத்தார், எடுத்தார். அண்ணாந்து மேலே தேவயானியின் வீட்டைப் பார்த்தார். "ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்" என்று கருவாட்டுக் கூடையை என் கைகளில் திணித்துவிட்டு, இறங்கிவந்த சரிவில் மறுபடியும் ஏறத் தொடங்கினார்.