எடுத்துக் கொடுக்கக் கூடாது

ஸ்காட்லாந்தில் நான் இருக்கும் ஊரில், கடையில் ஒரு பொருளின் பெயர் மறந்து விழித்தால், கல்லாவில் நிற்கும் பெண் புன்னகையோடு காத்திருப்பாள். வார்த்தையை எடுத்துக் கொடுக்க மாட்டாள். அது மரியாதைக் குறைவாம். வந்த புதிதில் டீ வடிகட்டிக்கு ஆங்கிலம் வராமல் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். "டேக் யுவர் டைம்" என்றாள். எவ்வளவு நேரம் எடுத்தும் வார்த்தை வரவில்லை, வெறுங்கையோடு திரும்பினேன். கோத்தகிரி மார்க்கெட்டில் "அண்ணா, அந்த..." என்று வாய் திறப்பதற்குள் மூன்று பேர் மூன்று பொருளை நீட்டியிருப்பார்கள். ஒன்றாவது சரியாக இருக்கும்.

ஆனால் இங்கே ஓர் ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சிப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்த பிறகு, அதே காத்திருப்பைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினேன். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களுக்கு நினைப்பு இருக்கும், வார்த்தை வராது. நாம் முந்திக்கொண்டு சொன்னால் அவர்கள் முயற்சியையே விட்டுவிடுவார்கள். பாடம் சரிதான். அதை அப்படியே எங்கள் மலைக்குக் கொண்டுபோனேன். நீலகிரியில் இப்படிப் பேச்சுப் போனவர்கள் இருக்கும் ஐந்து குடும்பங்களைச் சேர்த்து, சனிக்கிழமைதோறும் வீடியோவில் கூட்டம் நடத்தினேன். எனக்குக் காலை, அவர்களுக்குச் சாயங்காலம். ஒரே ஒரு சட்டம்: யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

கட்டபெட்டு ரங்கசாமி அண்ணனின் மனைவி சரசக்காவுக்கு அது லேசில் பழகவில்லை. டீ ஃபேக்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷன், 'தண்ணி' என்று சொல்லத் திணறுவார். அக்கா சொல்லியே முடித்துவிடுவார்.

"எத்தனை தடவைக்கா சொல்றது? வாயை மூடிட்டுச் சும்மா இருங்க" என்றேன் ஒருநாள், எல்லோர் முன்னாலும்.

"செரிங்க அம்மிணி. மனசு கேக்கறதில்லீங்க."

அடுத்த வாரத்திலிருந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணனும் தேறினார். 'தண்ணி' வந்தது. பிறகு 'சரசு' வந்தது. அன்று அக்கா அழுதார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களாக்கா?" என்று மார்தட்டிக்கொண்டேன்.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கட்டபெட்டில் நல்ல மழை. மழை வந்தால் அங்கே நெட்வொர்க் படுத்துவிடும்; முகங்கள் அப்படியே உறைந்து நிற்பது எங்களுக்குப் பழக்கம்தான். "பேரன்..." என்று ஆரம்பித்த அண்ணன் பாதியில் நின்றார். படம் நின்றுவிட்டதோ, வார்த்தையைத் தேடுகிறாரோ என்று காத்திருந்தேன். எல்லோருமே காத்திருந்தார்கள், நான் சொல்லிக்கொடுத்தபடி. தகரக் கூரையில் மழை விடாமல் விழும் சத்தம் அப்போதுதான் என் காதில் ஏறியது. படம் நிற்கவில்லை. அக்காவின் முந்தானை அசைந்துகொண்டிருந்தது. அண்ணனின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"அக்கா, அண்ணனைப் பிடிங்க!"

"பேசக்கூடாதுன்னீங்களேன்னு நானு..." என்றபடியே அக்கா எழுந்து அண்ணனிடம் ஓடினார்.

108 இங்கிருந்து போகாது. தெரிந்தும் மூன்று முறை அழுத்தினேன். கூட்டத்தில் இருந்த, பிக்கட்டி ஊர்ப் பெண் ஒருத்திதான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். அதற்குப் பிறகு நான் பார்த்துக்கொண்டிருந்தது காலி நாற்காலியை.

அந்தச் சில நிமிஷத் தாமதத்தால் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். என் மேலதிகாரி "நாட் யுவர் ஃபால்ட்" என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்தாள், மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஊரில் என்றால் யாராவது ஒருத்தர் "அறிவிருக்கா உனக்கு?" என்று திட்டியிருப்பார்கள். அந்தத் திட்டு எனக்கு வேண்டியிருந்தது.

அண்ணன் பிழைத்து வந்தார். வந்திருந்த நாலு வார்த்தையும் போய்விட்டது. போன சனிக்கிழமை அக்கா அவரை ஃபோன் முன்னால் உட்கார வைத்தார்.

"ஏனுங்க அம்மிணி, இனியாச்சும் நான் சொல்லிக் குடுக்கலாமுங்களா?"

அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே அனுமதி கேட்டார். பாவி, நான் யார் அனுமதி கொடுக்க?

"சொல்லுங்கக்கா" என்றேன்.

அக்கா அண்ணன் காதருகே குனிந்தார். "சரசு. சொல்லுங்க, சரசு. ஊடு... நம்மூடு..."

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே நானும் அக்காவோடு சேர்ந்து சொன்னேன்: ஊடு, நம்மூடு. அக்கா ஆரம்பித்ததும் நான் என் மைக்கை அணைத்திருந்தேன். இந்தப் பக்கத்திலும் கேட்க ஆளில்லை.