சுண்ணாம்புக்கு அடியில் இருந்த விரிசல்

“…நூறு வீட்டுல இத்தன வீடு சாயும்னு சொல்றீங்களே தம்பி, அதுல என் வீடு எதுன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறீங்க” என்றார் அந்த வீட்டு அக்கா, பிளேன்டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தியபடி.

சுனாமி வந்துபோய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் தீவின் ஷாதிபூர் சரிவில் நின்று பார்த்தால் எனக்கு வீடுகளெல்லாம் ஃபீனிக்ஸ் பே துறையில் கட்டிப்போட்ட கப்பல்கள் போலத்தான் தெரியும். காற்று கொஞ்சம் பலத்தால் கயிறு அறுத்துக்கொண்டு கிளம்பிவிடும் என்று தோன்றும். கடலுக்கு அப்பால் மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த பொறியாளர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவது என் வேலை. சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்த வீடுகளுக்கு மட்டும் போவேன். தூண், சுவர், மாடி, விரிசல் எல்லாம் குறிப்பேன். அதை வைத்து அவர்கள் வீட்டை ஓர் இனத்தில் சேர்ப்பார்கள். சுனாமியைக் கொண்டுவந்த பெரிய நிலநடுக்கத்தில் அந்த இனம் எப்படித் தாங்கியது என்று பார்த்து, அடுத்த நடுக்கத்தில் நூற்றுக்கு எத்தனை வீடு சேதப்படும் என்று கணிப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டில் கேட்டுக் கேட்டே கற்றது இது.

“அது ஊருக்குச் சொல்ற கணக்குக்கா. ஒரு வீட்டுக்குச் சொல்லாது.”

“அச்சா, ஊருக்கு மழைன்னு சொல்வீங்க, எனக்குக் குடை வேணுமான்னு சொல்ல மாட்டீங்க?”

முன்பே பழக்கமானவர்; அவர் சொல்லும் சொலவடைகளைப் படிவத்தின் பின்பக்கம் எழுதிவைப்பேன். அன்றும் எழுதினேன். அவருடைய பெற்றோர் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். இப்போது மகள் பிள்ளைப்பேற்றுக்கு வருகிறாள். மேலே ஓர் அறை எடுக்க கட்டட மிஸ்திரியிடம் சொல்லியாயிற்று. தூண்களின் தலையில் கம்பிகள் அதற்காகவே வானத்தைப் பார்த்து நின்றன.

‘விரிசல் இல்லை’ என்று எழுதிவிட்டு, எழுந்திருக்க வாசல் தூணில் கை ஊன்றினேன். உள்ளங்கை வெள்ளையாயிற்று. ஈரச் சுண்ணாம்பு.

“எப்பக்கா அடிச்சது?”

“நேத்துதான். பூரா தெருவும் அடிச்சிருக்கு. ஆபீஸ்காரங்க வர்றப்ப வீடு கிழிஞ்ச சேலையோட நிக்கலாமா?”

காலையிலிருந்து பார்த்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. எல்லாம் பெண் பார்க்க வருகிற நாள் போலப் பளிச்சென்று இருந்தவை. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’, ‘இல்லை’ என்றே எழுதியிருந்தேன். பையிலிருந்த படிவக் கட்டு திடீரென்று கனத்தது.

“இதுக்கு அடியில ஏதும் இருந்துச்சாக்கா?”

“ஒரு கோடு. பெரிய நடுக்கத்துல வந்தது. சிமெண்டு வெச்சு அடைச்சிட்டேன்.”

“அப்ப உங்க வீடு நல்ல வீட்டோட சேர்ந்துடும். அந்தத் தைரியத்துல மாடி எடுப்பீங்க. கோடு விழுந்த தூணு அத்தனையும் சுமக்கணும். கீழ படுத்திருக்கப் போறது யாரு?”

அக்கா தூணைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அதன் தலையில் நின்ற கம்பிகளை. தூரத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது.

“வைத்தியர் முன்னால வெக்கப்பட்டா வியாதிக்குத்தான் கொண்டாட்டம்” என்று தனக்கே சொல்லிக்கொண்டார். எழுந்து உள்ளே போனார். தோசைத் திருப்பியோடு வந்து, நேற்று பூசிய பூச்சைத் தூணிலிருந்து சுரண்டத் தொடங்கினார்.