மரத்தில் இருந்த மாப்பிள்ளை

எங்கள் வீட்டில் பகல் ஒரு மணி முதல் மூன்று மணி வரை யாரும் பேசுவதில்லை. அது பெரியப்பா உறங்கும் நேரம். அந்த நேரத்தில் பாத்திரங்கள்கூடத் தம்மை அடக்கிக்கொள்ளும். ஒன்பது வயதில் எனக்கு இருந்த ஒரே புகழ், நான் நடந்தால் கொலுசு ஒலிக்காது என்பதுதான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அபிராமபுரத்தில் எங்கள் தெரு புதியது. ஆனால் வாசலை ஒட்டி நின்ற தூங்குமூஞ்சி மரம் தெருவைவிட மூத்தது. விளக்கணைப்பு நாட்களில் இருட்டில் வண்டிகள் மோதாமலிருக்க அதன் இடுப்பில் அடித்த சுண்ணாம்புப் பட்டை பாதி உதிர்ந்து, பாதி மிஞ்சியிருந்தது. முந்தைய கோடையில் கிளையொன்று முறிந்து விழுந்து ஓடுகளை நொறுக்கிவிட்டதால், அந்த வருஷம் கத்திரி வெயில் தொடங்கியதும் கிளை கழிப்பவர்களைச் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வரவழைத்தார் பெரியப்பா.

விடிந்தும் விடியாத வேளையில் மூன்று பேர் வந்தார்கள். மரம் ஏறுபவர், கறுத்து மெலிந்த ஓர் இளைஞர். அவருடைய தம்பி, கைவண்டியோடு வந்தவன். மூன்றாவது ஆள், நாற்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மாள், ஏறுபவரின் மாமியார். கயிறு பிடிப்பது அவருடைய வேலை. மருமகனின் இடுப்பில் கட்டிய கயிறு மேலே ஒரு கவட்டையைத் தாண்டித் தரைக்கு இறங்கி, அடிமரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, அந்த அம்மாளின் கையில் முடிந்தது.

நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். இளைஞர் பேசாமல் மரத்தைத் தொட்டு வணங்கி ஏறினார். அவர் பாதம் சுண்ணாம்புப் பட்டையைத் தாண்டியதும், அதுவரை வாய் திறக்காத மாமியார் தொடங்கினார்.

"இன்னா மாப்ளே, தேர் நவுர்ற மாதிரி ஏர்றியே! கோழி கூவறதுக்குள்ள போய்ச் சேருவியா?"

"உன் கையால கஞ்சி குட்ச்சவன் வேற எப்டி ஏறுவான் அத்தே?"

"கஞ்சி குட்க்கும்போது மட்டும் கை நல்லா ஏறுதே!"

ஒரு மாமியாரும் மருமகனும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டு மாப்பிள்ளை வந்தால் பாட்டி கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். இங்கோ ஒரு கணம்கூட ஏச்சு ஓயவில்லை. மருமகனின் மூக்கு, அவர் வாங்கிக் கொடுத்த சேலையின் சாயம், பெண் கேட்டு வந்தபோது போட்டிருந்த இரவல் சட்டை என்று அந்த அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்தார். மேலிருந்து ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது.

பேச்சு எப்படியிருந்தாலும், வேலை வேறு விதமாக இருந்தது. வெட்டுவதற்கு முன் கத்தியின் பின்புறத்தால் கிளையைத் தட்டி, அதன் ஒலியைக் காது கொடுத்துக் கேட்டார் இளைஞர். பெரிய கிளைகளை முதலில் அடிப்புறத்தில் நான்கு விரல் ஆழத்துக்கு அறுத்துவிட்டு, அதன் பிறகே மேற்புறத்தில் ரம்பத்தை வைத்தார். அதனால் கிளை சாய்ந்தபோது தாய்மரத்தின் பட்டை ஒரு நாரளவும் உரியவில்லை. வெட்டிய இடத்தை மழைநீர் தங்காதபடி சரிவாகச் செதுக்கி, சாணமும் செம்மண்ணும் குழைத்துப் பூசினார். பிள்ளைக்கு நெற்றியில் சந்தனம் இடுவதுபோல அவ்வளவு மெதுவாக. கிளைகள் வேறொரு கயிற்றில் தொட்டிலைப்போல இறங்கின. ஓர் ஓடும் அசையவில்லை.

பத்து மணிக்குக் கஞ்சி குடிக்க இறங்கினார். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியதாக நினைத்தேன். அவர் மரத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். மாமியார் முக்காட்டை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"மாப்ளைக்கு வெங்காயம் வேணுமான்னு கேளு" என்றார் தம்பியிடம்.

"வேணாம்னு சொல்லு" என்றார் மருமகனும் தம்பியிடம்.

இடையில் இரண்டு முழத் தூரம்கூட இல்லை. இவர்கள் ஜன்மப் பகையாளிகள் என்று நான் தீர்மானித்தேன். கண்ணெதிரே பேசிக்கொள்ளாதவர்கள், எட்டாத உயரத்துக்குப் போனதும் வைதுகொள்கிறார்கள். வேறென்ன இருக்க முடியும்?

உச்சிப்பொழுதில் நிறுத்திவிடுவது அவர்கள் வழக்கமாம். ஆனால் கூரைக்கு நேர் மேலே இருந்த பெரிய கிளை பாதி அறுபட்டு நின்றது. அதை அப்படியே தொங்க விட்டு இறங்க முடியாது. மணி ஒன்று அடித்தது. கழித்த தழைகளை ஏற்றிக்கொண்டு தம்பி வண்டியோடு போயிருந்தான். ஏச்சு மட்டும் ஓயவில்லை.

பெரியம்மா என்னைக் கூப்பிட்டாள். "பெரியப்பா கண்ணை மூடிண்டிருக்கார். பேசாம வேலை பாக்கச் சொல்லிட்டு வா. நீதான் அதிராம பேசுவே."

நான் போய்ச் சொன்னேன்.

"பேசாமயா?" என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். "இந்த வெயில்ல பேசாம எப்டி பாப்பா?"

செய்தியை அதே சொற்களில் இன்னொரு முறை சொன்னேன்.

"சரி. பெரிய வூட்டு உத்தரவு." தலை நிமிராமலே குரல் கொடுத்தார்: "மாப்ளே, ஐயா தூங்கறாராம். வாய மூடிக்கினு அறு!"

"நீ மூடிக்கினா எனக்கும் தூக்கம் வந்துடும் அத்தே!"

நான் சிரித்தேன். பிறகு தெரு முழுவதும் அமைதியானது. அதை உண்டாக்கியவள் நான் என்ற பெருமையில் அங்கேயே நின்றேன். ரம்பத்தின் ஓசை மட்டும் சற்று நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

காலையிலிருந்து ஒரு முறைகூட அண்ணாந்து பார்க்காமல், தலை குனிந்தபடியே கயிறு பிடித்தவர், இப்போது கையைக் கண்ணுக்கு மேல் வைத்துத் தழைகளுக்குள் தேடினார். வெயில் கண்ணைக் கூசச் செய்தது. எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். மறுபடி மரத்தைப் பார்த்தார். அப்போது மேலிருந்து ரம்பம் நழுவி, கிளைகளில் மோதி மோதி, என் காலுக்குச் சற்றுத் தள்ளி விழுந்தது.

"மாப்ளே!"

பதில் இல்லை. கயிறு திடீரென்று விறைத்தது. அந்த அம்மாள் வேரில் காலை ஊன்றி, முழு உடலையும் பின்னால் சாய்த்து இழுத்துப் பிடித்தார். வெயிலில் மயங்கிய மருமகன் கிளையிலிருந்து சரிந்து, பாதி கயிற்றிலும் பாதி கவட்டையிலுமாகக் கிடந்தது எனக்குத் தெரிந்தது. அந்த அம்மாள் மூச்சு இரைக்க, குரல் எழும்பாமல், "கூப்புடு பாப்பா. எனக்கு மூச்சு இல்ல. நீ பேசிக்கினே இரு" என்றார்.

மேலே கிடந்தவரின் பெயர் எனக்குத் தெரியாது. அந்நியர் ஒருவரோடு என்ன பேசுவதென்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்று காலை முதல் ஜன்னல் வழியே கேட்டதுதான். அதையே, என் வாழ்நாளில் அதுவரை எழுப்பியிராத குரலில் கத்தினேன்.

"இன்னா மாப்ளே, தேர் நவுர்ற மாதிரி ஏர்றியே! கஞ்சி குட்க்கும்போது மட்டும் கை நல்லா ஏறுதே!"

வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் உருண்டது. நான் நிறுத்தவில்லை. மூக்கைச் சொன்னேன், சேலைச் சாயத்தைச் சொன்னேன். இரவல் சட்டையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தழைகள் அசைந்தன.

"யாரு அது..." என்று தளர்ந்த குரல் வந்தது. "புது மாமியாரா?"

கயிற்றைப் பிடித்திருந்த அம்மாள் அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. "கெட்டியா புட்ச்சிக்கோ ராஜா, நான் இறக்கறேன்" என்றார். அடிமரத்தைச் சுற்றிய கயிற்றை விரல் விரலாகத் தளர்த்தி மருமகனைத் தரைக்குக் கொண்டுவந்தார். அந்த அம்மாளின் இரண்டு உள்ளங்கைகளும் உரிந்து சிவந்திருந்தன.

பெரியப்பா வாசலில் நின்றார். பெரியம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். மோர் கொண்டுவரச் சொன்னார் பெரியப்பா. மருமகன் தரையில் உட்கார்ந்து குடித்தார். அந்த அம்மாளோ மரத்தின் மறுபக்கம் போய், உரிந்த கைகளால் முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டார். தம்பி வண்டியோடு வந்து சேரும்வரை இருவரும் ஒரு சொல் பேசவில்லை.

"மாப்ள குட்ச்சாரான்னு கேளு" என்றார் அவனிடம்.

"அத்தைக்கும் ஒரு டம்ளர் குடுக்கச் சொல்லு" என்றார் இவர்.

ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்ததும், மீதி அறுப்பை முடிக்க அவர் மறுபடி ஏறினார். கைகளில் துணி சுற்றிக்கொண்டு அந்த அம்மாளே கயிற்றைப் பிடித்தார். தம்பி கேட்டும் கொடுக்கவில்லை. பெரியப்பா நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவரச் செய்து உட்கார்ந்தார். மேலே பாதம் சுண்ணாம்புப் பட்டையைத் தாண்டியது.

"இன்னா மாப்ளே, தூங்கி எய்ந்தியா?"

மறுபடி தொடங்கிவிட்டது. பெரியப்பா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு சற்று ஓய்ந்தபோதெல்லாம் தலையை உயர்த்தி மரத்தைப் பார்த்தார். எனக்கோ அந்த அம்மாள்மேல் அடங்காத கோபம். செத்துப் பிழைத்த ஒருவரை ஒரு சாயங்காலமாவது வையாமல் விடக்கூடாதா?

விளக்கு வைத்ததும் சுவாமி முன் நின்று மனதார வேண்டிக்கொண்டேன்: அந்த நல்ல மனிதருக்கு அடுத்த பிறவியிலாவது, அதிர்ந்து பேசாத ஒரு மாமியாரைக் கொடு.