நோபுகோ வீட்டு டிவி

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கிகுயோவின் கண் உள்ளே போய்விடும். டிவியின் மேல் அந்தச் சிவப்பு வெல்வெட் துணி இறங்கியிருக்கிறதா, தூக்கிப் போட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடுவாள். கடைத்தெருவின் பழைய குடைக்கடையை யசுஹிரோ பழம்பொருள் காட்சியகமாக மாற்றியதிலிருந்து ஒரு புதன்கிழமை தவறியதில்லை.

மற்றவர்கள் லேஸ் உறை போட்ட கறுப்பு டெலிபோனின் டயலைச் சுழற்றிப் பார்ப்பார்கள். கொசுவத்திச் சுருள் வைக்கிற மண்பன்றியைக் கண்டு, "எங்க வீட்லயும் இருந்துச்சு" என்று உருகுவார்கள். கிகுயோ நேராக டிவிக்குப் போவாள். எதையும் தொடலாம் என்று பலகை இருந்தும் அதைத் தொட மாட்டாள். காலடியில் 'அன்பளிப்பு: அரிசிக்கடை நோபுகோ' என்று ஒரு அட்டை. படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும். எரியட்டும் என்றுதான் படிக்கிறாள்.

கிகுயோ சிறுமியாக இருந்தபோது அந்தத் தெருவுக்கு வந்த முதல் டிவி அது. சுமோ மல்யுத்தம் நடக்கும் நாட்களில் தெருவே அரிசிக்கடை வீட்டில் கூடும். டோஃபு விற்கும் டோஃபுக்காரரின் மகளான கிகுயோவுக்கு எப்போதும் செருப்புகளுக்குப் பக்கத்தில்தான் இடம். பெரிய சாம்பியன் மேடையேறும் நேரம் பார்த்து அந்த வீட்டுச் சிறுமி நோபுகோ எழுந்து, திரையின் மேல் துணியை இழுத்துவிடுவாள். "இன்னைக்கு இவ்வளவுதான். எல்லாரும் வீட்டுக்குப் போங்க." பெரியவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்கள். டிவி வேண்டும் என்று கிகுயோ ஒருநாளும் அழுததில்லை. அந்தத் துணியை ஒரே ஒரு தடவை தன் கையால் இழுக்க வேண்டும் என்று அழுதிருக்கிறாள்.

இப்போது யார் தடுக்கிறார்கள் என்று யசுஹிரோ கேட்டதுண்டு. "நோபுகோ பாக்காம இழுத்து என்ன பிரயோஜனம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன புதன்கிழமை நோபுகோவே வந்துவிட்டாள். ஒசாகாவில் மகன் வீட்டோடு இருப்பவள். கைத்தடி, பட்டுக் கழுத்துத்துண்டு, தலைமயிரில் இன்னும் அலையலையாகச் சுருள். அந்தச் சுருளையும் கிகுயோவால் பொறுக்க முடியவில்லை. யசுஹிரோ ஓடிவந்து நோபுகோவுக்குத் திரைக்கு நேரெதிரே உட்கார மெத்தை போட்டார். கிகுயோவுக்கு இதுவரை ஒரு மெத்தை போட்டதில்லை. பிறகு, டிவிக்குள் தான் பொருத்தியிருந்த கருவியில் பழைய சுமோ ஒன்றை ஓடவிட்டார்.

நோபுகோ சுற்றுலா வந்தவர்களுக்குத் தன் வீட்டுப் பெருமையைப் பாட ஆரம்பித்தாள். வயதான காலத்தில் பெருமைக்கு எருமை மேய்க்கிறாள் என்று கிகுயோ நினைத்துக்கொண்டிருந்தபோதே கைத்தடி இவள் பக்கம் நீண்டது.

"இவ டோஃபுக்காரர் பொண்ணு. எல்லாருக்கும் முன்னாடி வந்து செருப்புப் பக்கத்துல உக்காந்துக்குவா. பாவம், இவங்க வீட்ல ரேடியோகூடக் கிடையாது."

"இருந்துச்சு," என்றாள் கிகுயோ. யாருக்கும் கேட்கவில்லை.

திரையில் சாம்பியன் மேடையேறி, போட்டிக்கு முன் செய்யும் வழக்கப்படி உப்பை அள்ளி வீசினான். நோபுகோ பேச்சை நிறுத்திவிட்டு, வாயைத் திறந்தபடி முன்னால் சாய்ந்தாள்.

கிகுயோ எழுந்தாள். முழங்கால் சொடுக்கியது. டிவியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"இன்னைக்கு இவ்வளவுதான், நோபு. வீட்டுக்குப் போ."

வெல்வெட் துணியை இரண்டு கையாலும் பிடித்து, திரையின் அடிவரைக்கும் இழுத்துவிட்டாள்.