இருபத்திரண்டு படி ஏறிய கல்யாணம்: கருங்கல்லிலும் பேச்சிப்பாறையிலும் மூன்று நாள்

இந்தத் தடவை ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பவில்லை, சாட்சிக் கையெழுத்துப் போடக் கிளம்பினேன். என்னோடு மதுரைத் தபால் நிலையத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்த லீலாபாய்க்கு ஆகஸ்டில் கல்யாணம். அவளுக்கு அறுபத்தாறு வயது, மாப்பிள்ளைக்கு எழுபத்தொன்று. பதிவுத் திருமணத்துக்கு மூன்று சாட்சிகள் வேண்டும், அதில் நான் ஒருத்தி. எனக்கும் அறுபத்திரண்டு ஆகிறது. இந்த வலைப்பதிவைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் என் வயதுக்காரர்கள் என்பதால் முட்டியை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

காலை 6.10-க்கு மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறி 11.30-க்கு நாகர்கோவில் வடசேரியில் இறங்கினேன். கட்டணம் 255 ரூபாய். அங்கிருந்து அண்ணா பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ, பிறகு கருங்கல் பேருந்து. சாதாரண நகரப் பேருந்து என்றால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு மணி நேரம் ஆனது. மழை தூறிக்கொண்டே வந்தது.

கருங்கல்லில் லீலா அனுப்பிய ஆட்டோ நின்றது. ஓட்டுநர் ஸ்டீபனுக்கு ஐம்பது வயதிருக்கும். ஆட்டோவில் ஏறும் இடத்தில், தரையிலிருந்து அரையடி உயரத்தில் ஓர் இரும்புப் படி பற்றவைத்திருந்தார். இதுவரை எந்த ஊரிலும் இப்படிப் பார்த்ததில்லை.

"இது இல்லேன்னா எனக்குத் தொழில் இல்ல கேட்டியளா. முன்னால ஸ்கூல் சவாரி ஓட்டுனேன். இப்போ ஆஸ்பத்திரி, பென்ஷன், பிசியோதெரபி, அவ்வளவுதான். பிள்ளைய எல்லாம் வெளியூரு, வெளிநாடு."

மூன்று கிலோமீட்டர் தூரம், எண்பது ரூபாய். இருபுறமும் ரப்பர் மரங்களுக்கும் தென்னைகளுக்கும் நடுவே பெரிய பெரிய மாடி வீடுகள். மாடி ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. கீழே ஓர் அறையில் மட்டும் யாராவது இருந்தார்கள். மாடி கட்டக் காசு அனுப்பியவர்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள், இங்கே இருப்பவர்களுக்கு மாடி ஏற முடிவதில்லை. லீலாவின் வீடும் அப்படித்தான்.

மாப்பிள்ளை சூசை, கடியப்பட்டணத்துக்காரர். படகில் மீன்பிடிக்கப் போய், பிறகு மீன் ஏலம் எடுத்து, மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்து, மனைவியையும் இழந்தவர். லீலாவும் கணவனை இழந்து தனியாக இருந்தவள்தான். இருவரும் சந்தித்தது கருங்கல்லில் ஒரு பிசியோதெரபி அறையில். அவருக்குத் தோள், இவளுக்கு இடுப்பு. அவர் கத்தோலிக்கர், இவள் புராட்டஸ்டண்ட் சபைக்காரி. இந்த வயதில் கோயில் மாற இருவருக்கும் விருப்பமில்லை, அதனால்தான் பதிவுத் திருமணம்.

தடையாக இருந்தது லீலாவின் ஒரே மகன் ஜெபின். தோகாவில் ஏசி கம்பெனியில் வேலை. நான் போவதற்கு முந்தைய நாள்தான் வந்திருந்தான். வீட்டில் யாரிடமும் பேசவில்லை. என்னிடம் மட்டும், "வாருங்க ஆன்ட்டி" என்றான். மாலை சாயா குடிக்கும்போது லீலா அவனை நேராகவே கேட்டாள்.

"மக்கா, உனக்கு என்னதான் வருத்தம்? சொல்லிரு."

"ஊரு பேசுததைப் பத்தி இல்லம்மா. உங்களுக்கும் வயசாச்சு, அவியளுக்கும் வயசாச்சு. ஒருத்தரு விழுந்தா மத்தவரு தூக்க முடியுமா? நாளைக்கு நான் ரெண்டு பேரையும் பாக்கணும்."

லீலா தம்ளரைக் கீழே வைத்தாள்.

"தூக்க முடியாது. ஆனா நான் விழுந்தது அவியளுக்குத் தெரியும்லா?"

போன வருடம் அவள் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தது எனக்குத் தெரியும். சாயங்காலம் விழுந்தவள் மறுநாள் பத்து மணி வரை ஈரத்தரையில் கிடந்திருக்கிறாள் என்பதை அப்போதுதான் சொன்னாள். பகலிலும் வாசல் விளக்கு எரிவதைப் பார்த்த மீன்காரி கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். ஜெபினுக்கும் அது புதுச் செய்தி. அவனிடம் 'கால் வழுக்கிவிட்டது' என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவன் எழுந்து வெளியே போய், மழை விடும் வரை காரில் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை பத்தரைக்குச் சார்பதிவாளர் அலுவலகம். இரண்டாம் சாட்சி ஸ்டீபன். மூன்றாம் சாட்சி, சூசை அண்ணனோடு நாற்பது வருடம் ஒரே படகில் போன லாசர். அவருக்கு எழுபத்தொன்பது. அலுவலகம் மாடியில் என்று யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு படிகள். லீலாவும் நானும் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறினோம். லாசர் ஆறாவது படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு இதுக்கு மேல வராது. ஜெபின் போடட்டும் கையெழுத்து. மகன்தானே."

எல்லோரும் ஜெபினைப் பார்த்தோம். அவன் சுவரைப் பார்த்தான். "நான் போடல்ல" என்றான்.

மேலிருந்து எழுத்தர் எட்டிப் பார்த்து, வேறு யாரையாவது கூட்டி வரச் சொன்னார். சூசை அண்ணன் அசையவில்லை. "லாசர் இல்லாம எனக்கு வேண்டாம். இன்னொரு நாள் வருவோம்" என்றார். லீலாவின் முகம் வாடிப்போனது.

ஜெபின் விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனான். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டான் என்றே நினைத்தோம். ஆனால் கீழே இருந்த பத்திரம் எழுதுகிறவரின் கடையிலிருந்து ஒரு மரநாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"பாட்டா, இதுல இரிங்க. ஸ்டீபன் அண்ணே, நீங்க மேலருந்து பிடியுங்க."

பத்திரக்காரரும் ஒரு கை கொடுத்தார். லாசர் நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பற்றிக்கொண்டு, "ஏலே, மெதுவாலே, அலையடிக்க மாதிரி ஆட்டாதே!" என்று கத்திக்கொண்டே மேலே போனார். படியில் நின்ற எல்லோரும் சிரித்துவிட்டோம். ஜெபினும்தான். அலுவலகத்துக்குள் அவன் கடைசி வரை கையெழுத்துப் போடவில்லை. வாசலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றான். பிறகு என்னிடம் சொன்னான்: "கையெழுத்துக்கு மனசு வரல ஆன்ட்டி. தூக்கத் தெரியும், தூக்கினேன்." அது எனக்குப் பிடித்திருந்தது.

மதியம் வீட்டில் விருந்து. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும், சோறு, அவியல், தீயல், பாயசம். வந்த முப்பது பேரில் ஐம்பதைத் தொடாதவன் ஜெபின் மட்டும். பாயசம் வந்தபோது எல்லோரும் சர்க்கரையைச் சொல்லி "அரைத் தம்ளர் போதும்" என்றார்கள். பிறகு எல்லோரும் இன்னொரு அரைத் தம்ளர் வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் புதுத் தம்பதியோடு பேச்சிப்பாறை அணை. ஜெபின்தான் கார் ஓட்டினான். தக்கலை, குலசேகரம் வழியாக ஒன்றேகால் மணி நேரம். மழைக்காலம் என்பதால் நீர் நிறைந்து, மலை இறங்கி வந்து கரையில் நிற்பதுபோல் இருந்தது. சூசை அண்ணன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "வெள்ளம் இவ்வளவு கெடந்தும் ஒரு சத்தம் இல்லையே" என்றார். கடலோரத்துக்காரருக்கு அதுதான் அதிசயம்.

அங்கே வைத்துதான் ஜெபின் தன் போனை எடுத்து அவரிடம் வந்தான்.

"உங்க நம்பர் சொல்லுங்க. அம்மா எடுக்கல்லேன்னா உங்களுக்கு அடிப்பேன்."

"நான் ரெண்டாவது மணியிலேயே எடுத்துருவேன் மக்கா."

அவரை என்ன பெயரில் பதிவது என்று ஜெபின் யோசித்தான். கடைசியில் 'சூசை, வீடு' என்று பதிந்தான். எட்டிப் பார்த்த லீலா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆகஸ்டில் குடை, வழுக்காத செருப்பு இரண்டும் கட்டாயம். பேச்சிப்பாறைக்குப் பேருந்தும் உண்டு, ஆனால் திரும்பும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். வண்டி அமர்த்தினால் கருங்கல்லிலிருந்து போய்வர 1,800 ரூபாய் கேட்கிறார்கள். குலசேகரத்திலேயே கழிவறைக்குப் போய்விடுவது நல்லது. எந்த அலுவலகத்துக்குப் போவதாக இருந்தாலும் மாடியா கீழேயா என்று போனில் விசாரித்துவிடுங்கள்.

இன்னொன்று, தனியாக இருப்பவர்களுக்கு. மதுரை திரும்பிய மறுநாள் காலை எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, என் வீட்டு மாற்றுச் சாவியைக் கொடுத்தேன். அந்த அம்மா உள்ளே போய்த் தன் வீட்டுச் சாவியை எடுத்து வந்து என் கையில் வைத்தார். நான்கு வருடமாக எதிரெதிரே இருக்கிறோம். அன்றைக்குத்தான் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொண்டோம்.