டோக்கன் மைக்கில் வந்த இரைச்சல்

கண் ஆஸ்பத்திரி ஒன்றில் பதினோரு வருஷம் நான் செய்த வேலை, மைக் முன்னால் உட்கார்ந்து டோக்கன் எண்களைக் கூப்பிடுவது. பாளையங்கோட்டையில் இரண்டு மாடிக் கட்டடம். களக்காட்டிலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் முதல் பஸ்ஸில் கிளம்பி வருகிறவர்களால் எட்டு மணிக்கே கூடம் நிறைந்துவிடும். சொட்டு மருந்து விட்டபிறகு முக்கால் மணி நேரம் கண்ணை மூடியிருக்க வேண்டும். அந்நேரத்தில் அவர்கள் என் குரலைத்தான் நம்பியிருந்தார்கள்.

போன கோடையில் ஸ்பீக்கரில் இரைச்சல் தொடங்கியது. டிரான்ஸ்பார்மர் அடியில் நின்றால் கேட்குமே, அந்த மாதிரி ஒரு ‘ம்ம்ம்’. ஒரு வாரத்தில் என் குரலையே அமுக்கிவிட்டது. நான் இருபத்தேழு என்றால் முப்பத்தேழும் எழுந்து வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு இரண்டு பேர் ஒரே கதவில் முட்டிக்கொண்டார்கள். என்னைத்தான் திட்டினார்கள்.

எங்கள் எலக்ட்ரீசியன் எனக்கு முன்பே அங்கே சேர்ந்தவர். மோட்டார், ஜெனரேட்டர், ஏ.சி. எல்லாம் அவர் ஒருவர் தலையில். நான்கு நாள் கெஞ்சிய பிறகு, கூடம் காலியான ஒரு மத்தியானம் வந்தார்.

“தங்கச்சி, மைக்கக் கழட்டு பாப்போம்” என்றார்.

கழற்றினேன். இரைச்சல் அப்படியே இருந்தது. ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். மிச்சம் இருந்தவையெல்லாம் இரைந்தன. கடைசியில், பாட்டுப் போடும் கம்ப்யூட்டரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் வயரை உருவினார். சட்டென்று அமைதி. மாட்டினார், இரைச்சல் வந்தது. உருவினார், போய்விட்டது.

“அப்ப வயரு போயிருக்கா அண்ணாச்சி?”

“வயரு நல்லாத்தான் இருக்கு. எர்த்துல கோளாறு. பாட்டு வேண்டாம்னா இத உருவியே போட்டுரலாம். ஆனா எர்த்து இல்லாம விடக்கூடாது தங்கச்சி, யாருக்காவது ஷாக் அடிச்சிரும்.”

எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போனோம். டாக்டர்களின் கார் நிறுத்தப் புதிதாகக் கல் பதித்திருந்தார்கள். பதித்தவர்கள் வயரை வெட்டிவிட்டு எர்த் குழியையும் மூடியிருந்தார்கள். நாலு கல்லைப் பெயர்த்தால் சரியாகிவிடும். மேனேஜரிடம் கேட்டோம். “போன மாசம்தான் பதிச்சது. அதுல கை வைக்காதீங்க” என்றார்.

மூன்றாம் நாள் வேலை முடிந்தபின் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் அண்ணாச்சியே புதிதாக ஒரு எர்த் குழி தோண்ட ஆரம்பித்தார். சட்டை கழுத்துவரை நனைந்திருந்தது. மண்ணில் ஈரம் நிற்க நான் கரியும் உப்பும் வாங்கிவந்து கொடுத்தேன். கம்பியை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். மண் குடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை மைக்கைப் போட்டேன். இரைச்சல் இல்லை. பாட்டு வயரும் மாட்டித்தான் இருந்தது. “டோக்கன் எண் ஒன்று” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கதவோரம் நின்ற அண்ணாச்சி, “தெளிவா கேக்கு தங்கச்சி” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஐந்து நாள்தான். ஆறாம் நாள் கூடத்தின் நான்கு சுவரிலும் டி.வி. மாட்டினார்கள். இனி எண்கள் அதில் தெரியும், கூப்பிட வேண்டாம் என்றார் மேனேஜர்.

“சார், மருந்து விட்டவங்க கண்ண மூடிட்டு இருப்பாங்களே?”

“கூட வந்தவங்க பாப்பாங்க.” அவர் தலை நிமிரவில்லை. ஆம்ப்ளிஃபயரைக் கழற்றும் வேலையையும் அண்ணாச்சிக்கே கொடுத்தார்கள். அவர் வயர்களை ஒழுங்காகச் சுருட்டி, நூல் கட்டி, ஸ்டோரில் வைத்தார்.

அடுத்த வியாழக்கிழமை களக்காட்டுப் பக்கத்து வாழை விவசாயி ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். சர்க்கரையால் பார்வை மங்கியவர். மாதம் ஒருமுறை கண்ணில் ஊசி போடவேண்டும். அதைப் போடும் டாக்டர் வியாழன் மட்டும்தான் வருவார். அந்த அம்மாவுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. டாக்டர் கிளம்பிய பிறகு, மூன்று மணிக்கு, அந்த விவசாயி சுவரைத் தடவிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“யம்மா, இன்னைக்கு யாரும் கூப்பிடலியே. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?”

அவருடைய எண் பதினொரு மணிக்கே திரையில் வந்து போயிருந்தது. அதைச் சொன்னேன். “அப்படியா” என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “வா, போவோம். பைய நட” என்று மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் நான் வரிசை வரிசையாகப் போய் எண்களை வாயால் கூப்பிட்டேன். மூன்று நாள் செய்தேன். சந்தைக்கடை மாதிரி இருக்கிறது என்று மேனேஜர் சத்தம் போட்டார். நிறுத்திவிட்டேன். இன்னும் நான்கு நாள் எதிர்த்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது. ஆனால் நிறுத்திவிட்டேன்.

இப்போது எனக்குக் கோப்பு அறையில் வேலை. நோயாளி வந்து பெயர் கொடுத்தால்தான் அவருடைய கோப்பை எடுத்து மேலே அனுப்பவேண்டும். வாழைக்காரரின் கோப்பு கீழ்த்தட்டில் இருக்கிறது. வியாழக்கிழமை வரும்போதெல்லாம் அதைக் கேட்டு ஆள் வருமா என்று பார்க்கிறேன். நான்கு மாதமாக யாரும் கேட்கவில்லை.